நான்முகக் காய்

புதன் இரவு பதினொன்றரை. பஹாஹீல்.
வெளியே தூசி. எதிர்க் கட்டடம் இல்லை,
அதன் விளக்குகள் மட்டும் மங்கலாய்த் தொங்குகின்றன.
கட்டம்போட்ட தாளை விரித்து
ஒரு கண்டம் வரைகிறேன்.
தெற்கே கடல் போதும். வடக்கே மலை வேண்டும்;
எங்களில் யாரும் மலை பார்த்து
இரண்டு வருடமாகிறது.

வெள்ளிக்கிழமை நால்வர் ஆட வருவார்கள்.
அதற்குள் ஆறு தெய்வங்கள்.

மூன்று முடிந்தது.
உப்பாத்தாள்: அழுகிறவர் கண்ணீரில் பாதி
அவளுக்கு வரி.
ஏழுவாயன்: அவன் சொன்னால்தான்
எந்தப் படகுக்கும் கரை.
பெயர்க்கோன்: பிறக்கிற எல்லாருடைய பெயரையும் வாங்கி
இழுப்பறையில் பூட்டிவைப்பவன்.
ஊரைவிட்டுப் போக நினைத்தால்
அவனிடம் நின்று கேட்டு வாங்க வேண்டும்.

போன வாரம் இதை வாசித்தபோது
யாரும் விளக்கம் கேட்கவில்லை.
மட்டக்களப்புக் குகதாசன் மட்டும்
"திறப்பு எங்க கிடக்கு?" என்றான்.

இளவழுதிக்கு வேறு கவலை.
"அவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, சொல்லு,
வெட்டிடுறேன்."
பகல் முழுக்கக் கிரேன் கூண்டில்
முப்பது மாடி உயரத்தில் தனியாக இருப்பவன்.
வெட்டட்டும். ஆனால் வெட்டினால்
நாற்காலி அப்படியே இருக்கும்,
இன்னொருவன் வந்து உட்காருவான்.

எனக்கு வேண்டியது அதுவல்ல.
பள்ளிக்கூடச் சட்டை ஒருநாள் காலையில்
தோளில் இறுகுமே, யாரோடும் சண்டையில்லாமல்,
அப்படி.
அதற்கு எப்படி விதி எழுதுவது?

இரண்டு மணிக்குக் கிடைத்தது.
தெய்வத்துக்கு முதலில் இருபது முகக் காய்.
மனிதர் யாராவது அதனிடம் கேட்காமல்
ஒன்றைச் செய்தால், கிணறு தோண்டினால்,
பிள்ளைக்குத் தாமே பெயரிட்டால்,
பயந்துகொண்டே செய்தாலும் சரி,
காய் ஒருபடி இறங்கும்.
பன்னிரண்டு. பத்து. எட்டு. ஆறு.
கடைசியில் நான்கு.
நான்முகன் என்று ஓரத்தில் எழுதி, அடித்தேன்;
அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் உண்டு.
நான்கு முகக் காய் சரியாக உருளாது.
விழுந்த இடத்தில் நெருஞ்சிபோல
முள் நிமிர்த்தி நிற்கும்.

இந்தக் காய்களை விமான நிலையத்தில்
அதிகாரி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து
சூதாட்டமா என்றார்.
கணக்குப் பாடம் என்றேன்.

என் வேலையையும் சொல்ல வேண்டும்.
லிஃப்டில் சிக்கியவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
கூரையிலிருந்து கேட்கும் குரல் என்னுடையது.
பதற வேண்டாம், ஆள் வருகிறார்.
சிலர் என்னைத் திட்டுவார்கள். சிலர் அழுவார்கள்.
கதவு திறந்ததும்
ஒருவரும் சொல்லிக்கொண்டு போனதில்லை.

வெள்ளிக்கிழமை சால்மியாவில் மூன்று பேர் சிக்கி
எனக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம்.
ஆரோக்கியசெல்வியின் வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு.
உள்ளே காய் உருளும் சத்தம்.

"இதுக்கும் அவகிட்ட கேக்கணுமா?"
செல்வியின் குரல், இரவுப் பணி முடித்த குரல்.
"வேணாம்," என்றான் நெய்னார் முகமது,
"நாமளே முடிவு பண்ணிக்கலாம்."
பிறகு சிரிப்பு.
நான் வரையாத ஊர் ஒன்றில்
நான் எழுதாத மழை பெய்துகொண்டிருந்தது.

என் பைக்குள் ஆறு தெய்வங்களும் தயார்.
கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.
மணியின் மேல் விரலை வைத்து
அழுத்தாமல் நின்றேன்.
அவர்கள் பாலத்தைக் கடக்கும்வரை நின்றேன்.
பாலம் நன்றாக இருந்தது.
எனக்குத் தோன்றியிருக்காது.

கதவு திறந்தது. என் நாற்காலியில்
பிரியாணிப் பொட்டலம்.
பாயில் கால் வைத்தேன், சுருக்கென்றது.
"பாத்து," என்றான் குகதாசன்,
காலடியிலிருந்து காயைப் பொறுக்கியபடி.

செல்வி ஒரு வெற்றுத் தாளை நீட்டினாள்.
"உக்காரு. உனக்கும் ஒரு ஆளை உண்டாக்கு."
மேலே, பெயர் என்ற இடத்தில்
கோடு மட்டும் இருந்தது.

ஏழு வெள்ளி ஆகிவிட்டது, இன்னும் வைக்கவில்லை.
பெயர்க்கோன் எல்லைக்குள் என்னை
"ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
திரும்பிப் பார்க்கிறேன்.